மாமாவின் நாற்பது பக்க நோட்டு

2018 செப்டம்பரில் ஒரு ராத்திரி ஊரிலிருந்து மாமா போன் செய்தார். இங்கே நியூ ஜெர்சியில் மணி பதினொன்று, ஊரில் காலை எட்டரை. அந்த நேரத்தில் ஊர் நம்பர் தெரிந்தாலே வயிற்றில் புளியைக் கரைக்கும். அதுவும் வெள்ளம் வடிந்து ஒரு மாசம்கூட ஆகாத நேரம்.

"பயப்படாத மாப்ள, எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம். நீ பேங்க்லதான இருக்க? ஒரு கணக்கு கேக்கணும்."

மாமாவுக்குத் தேவிகுளம் தாலுகாவில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு ரேஷன் கடை. தமிழ்நாட்டில் பெரும்பாலும் கூட்டுறவு சங்கம் நடத்துகிற மாதிரி கேரளாவில் கிடையாது. அங்கே லைசென்ஸ் வாங்கிய தனி ஆள்தான் கடையை நடத்துவார், விற்கிற சரக்குக்குக் கமிஷன் கிடைக்கும். அந்த ஆகஸ்டில் மாமா கடைக்கு மேலேயும் கீழேயும் மலை சரிந்து ரோடு போய்விட்டது. கரண்ட் இல்லை, சிக்னல் இல்லை. கைரேகை வைத்தால்தான் அரிசி போட வேண்டும் என்று அந்த வருஷம்தான் கடைகளில் மெஷின் கொடுத்திருந்தார்கள். அது செத்துக் கிடந்தது. லைன் வீடுகளிலிருந்து ஜனங்கள் வந்து நின்றார்கள். மஞ்சள் கார்டா, ரோஸ் கார்டா, வெள்ளை கார்டா என்று பார்க்காமல் மாமா அரிசி அளந்து போட்டார். பேரையும் கிலோவையும் பையனின் நாற்பது பக்க நோட்டில் எழுதி, கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிக்கொண்டார். இருப்பு குறைந்ததும், மண் சரிவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்ற ஜீப்பிலிருந்து மூட்டைகளைத் தலைச்சுமையாகக் கொண்டுவர ஆள் பிடித்தார். கூலி சொந்தக் கையிலிருந்து. இப்படி ஒன்பது நாள்.

ரோடு திறந்தது, கரண்ட் வந்தது, மெஷினும் உயிர் பெற்றது. அதன் கணக்குப்படி பதினோரு குவிண்டால் அரிசி கடையில் இருக்க வேண்டும். கடையிலோ வெறும் சாக்கு. மேலே ஒரு ஆபீசில் கேட்டால், "நோட்டெல்லாம் ரெக்கார்டு ஆகாது" என்றார்களாம்.

"இதை நான் எப்படி எழுதணும் மாப்ள? நஷ்டம்னா, தர்மம்னா?"

இருபது வருஷமாகப் பற்று வரவு எழுதுகிற எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. 'நான் செய்த செலவு, இன்னொருவர் தர வேண்டியது, ஆனால் தருவாரா தெரியாது' என்கிற இனத்தை வங்கியில் சஸ்பென்ஸ் கணக்கில் போட்டு வைப்போம். மாமாவுக்கும் அதையேதான் சொன்னேன். "எத்தன வருஷத்துக்கு?" என்று கேட்டார். அன்றைக்கு ஆரம்பித்தது எனக்கு இந்தப் பைத்தியம். பேரிடர் வந்து எல்லாம் நின்றுபோகும்போது அரிசி, கரண்ட், ரோடு, தண்ணீர் இவற்றை ஓட வைக்கிறவருக்கு அரசாங்கம் எப்படி, எந்த விதியில், எப்போது பணத்தைத் திருப்பித் தருகிறது? சரித்திரம் படித்தவன் இல்லை நான், வெறும் பி.காம். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

*

கதையை 1924-லிருந்து ஆரம்பிக்க வேண்டும். எங்கள் பாட்டி 'தொண்ணூத்தொம்பது வெள்ளம்' என்று சொல்லும்போதெல்லாம், இன்னும் 99-ஆம் வருஷம் வரவே இல்லையே என்று சின்ன வயசில் குழம்புவேன். அது கொல்லம் ஆண்டு 1099, நம் கணக்கில் 1924 ஜூலை.

அப்போது இன்றைய கேரளா கிடையாது. மூணாறும் தேவிகுளமும் திருவிதாங்கூர் மகாராஜாவுடையவை. நெல்லியாம்பதியும் சித்தூரும் கொச்சி ராஜ்ஜியம். பாலக்காடு மதராஸ் மாகாணத்து மலபார் ஜில்லா. மழை ஒன்றுதான், கஜானா மூன்று! மதராஸ் மாகாணத்துக்காவது பிரிட்டிஷார் எழுதி வைத்த பஞ்ச விதித் தொகுப்பு இருந்தது. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் லட்சக்கணக்கில் ஜனங்கள் செத்த பிறகு, 1880-ல் கமிஷன் அறிக்கை கொடுத்து, அதன்பேரில் வந்தது அது. பஞ்ச நிவாரணத்துக்கென்று வருஷாவருஷம் ஒரு தொகை ஒதுக்கும் வழக்கமும் அந்தப் பஞ்சத்தோடு ஆரம்பித்ததுதான். ஆனால் அதெல்லாம் மழை பொய்த்தால் செய்ய வேண்டியவை. மழை கொட்டி மலை இடிந்தால் என்ன செய்வது என்று யாரும் பெரிதாக யோசிக்கவில்லை. மலபார் வெள்ளத்துக்காக காந்தி தன் பத்திரிகைகளில் எழுதி நிதி கேட்டார். நகையைக் கழற்றிக் கொடுத்தவர்கள் உண்டு. கஜானா கைவிட்ட இடத்தில் ஜனங்கள் கொடுத்தார்கள்.

அந்த வெள்ளத்தில் மூணாறு அடியோடு போனது. மாட்டுப்பெட்டி பக்கம் மலை சரிந்து ஆற்றை அடைத்து, அந்த அடைப்பு உடைந்து தண்ணீர் மொத்தமும் ஊருக்குள் இறங்கியது என்பார்கள். மூணாற்றில் ரயில் ஓடியது என்றால் இன்று நம்புவீர்களா? குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில். 1902-ல் ஒற்றைத் தண்டவாளத்தில் மாடு இழுக்க ஆரம்பித்து, 1908-ல் இரண்டடி அகலப் பாதையாகி எஞ்சின் வைத்து ஓடியது. மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரைக்கும் தேயிலைப் பெட்டிகள் அதில்தான் போகும். அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு கொட்டகுடிக்கு இறங்கி, போடிநாயக்கனூர் போய்ச் சேரும். 1924-ல் தண்டவாளம், பாலம், ஸ்டேஷன் எல்லாவற்றையும் வெள்ளம் கொண்டுபோனது. டாப் ஸ்டேஷன் என்ற பெயர் மட்டும் மிச்சம். இன்று டூரிஸ்டுகள் அங்கே மக்காச்சோளம் தின்றுகொண்டே, இந்த ஊருக்கு ஏன் ஸ்டேஷன் என்று பேர் என்று கேட்கிறார்கள்.

ரயிலைத் திரும்பக் கட்டவில்லை. அது கம்பெனி ரயில், செலவும் கம்பெனி செலவு. ஈடு தர யாரும் இல்லை. கம்பெனி கணக்குப் போட்டுப் பார்த்து, கம்பிவடமும் ரோடும் போதும் என்று முடிவு செய்தது. வங்கிக்காரனாக அந்த முடிவில் நான் தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ரயில் தேயிலைப் பெட்டிக்கு மட்டுமா ஓடியது? அந்தப் பாதையில் குடியிருந்த ஜனங்களின் நஷ்டத்தை எந்தக் கணக்கில் எழுதுவது? கம்பெனி லெட்ஜரில் அதற்குப் பக்கம் கிடையாது.

கோதமங்கலத்திலிருந்து பூயம்குட்டி, மாங்குளம் வழியாக மூணாறு ஏறிய பழைய ரோடும் அதே வெள்ளத்தில் போனது. அதையும் அந்த இடத்தில் திரும்பப் போடவில்லை. வெள்ளம் வந்த அடுத்த மாசமே மகாராஜா மூலம் திருநாள் காலமாகி, 1924 செப்டம்பர் 1-ஆம் தேதி சேது லட்சுமி பாய் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். அவர் காலத்தில் வேறு வழியாக நேரியமங்கலம், அடிமாலி பக்கம் புது ரோடு போட்டார்கள். திறந்தது 1931-ல். ஒரு ரோடு திரும்பி வர ஏழு வருஷம்!

*

சுதந்திரத்துக்குப் பிறகு இதற்கு ஒரு முறை வந்தது. 1957-ல் இரண்டாவது நிதிக் கமிஷன், மாநிலங்கள் இயற்கைச் சீற்றத்துக்கென்று கொஞ்சம் பணத்தைத் தனியே வைத்துக்கொள்ள வழி செய்தது. அந்தப் பணத்துக்கு மேல் போனால் டில்லிக்குப் போய்க் கேட்க வேண்டும். மத்தியக் குழு வந்து பார்த்துவிட்டுப் போகும். வெள்ளம் வடிந்து, புல் முளைத்து, ஆடு மேய்ந்துகொண்டிருக்கும்போது குழு வரும் என்று ஊரில் கிண்டல் செய்வார்கள். ஒன்பதாவது நிதிக் கமிஷன் சொன்னபடி 1990-ல் பேரிடர் நிவாரண நிதி என்று மாநிலத்துக்கு மாநிலம் ஒன்று வந்தது. மத்திய அரசு முக்கால் பங்கு, மாநிலம் கால் பங்கு. 2005-ல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்து, 2010-லிருந்து அதற்கு மாநிலப் பேரிடர் நிவாரண நிதி என்று பெயர். அதுவும் போதாவிட்டால் தேசிய நிதி.

இந்த நிதியிலிருந்து எதற்கு எவ்வளவு தரலாம் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. வங்கி சர்க்குலர் படித்துப் பழகியவன் என்பதால் எனக்கு அது அலுக்கவில்லை. வெள்ளம் வந்தபோது நடப்பிலிருந்த 2015-20 பட்டியலில் மின்சாரத்துக்கு என்ன போட்டிருந்தது தெரியுமா? விழுந்த கம்பம் ஒன்றுக்கு ரூ.4,000. அறுந்த கம்பி கிலோமீட்டருக்கு ரூ.50,000. டிரான்ஸ்பார்மர் ஒன்றுக்கு ரூ.1 லட்சம். அதுவும் 11 கிலோவோல்ட் வரைக்கும்தான். அதற்கு மேல் போகும் பெரிய லைனும் சப்ஸ்டேஷனும் இதில் வராது. பொள்ளாச்சி ரோட்டில் லாரியிலிருந்து இறக்கி நடுகிற கம்பமும், எட்டுப் பேர் தோளில் சுமந்து மலையேற்றி நடுகிற கம்பமும் அந்த வரியில் ஒரே கம்பம்தான்.

ரோடுக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் இதே போலத் தனித்தனி வரிகள். எல்லாவற்றுக்கும் தலையில் ஒரே வார்த்தை, 'உடனடி' சீரமைப்பு. அதாவது வண்டி போகிற மாதிரி, விளக்கு எரிகிற மாதிரி ஆக்கிக்கொள்ளலாம். முன்பைவிட உறுதியாகக் கட்ட இந்தப் பணம் இல்லை. இது நிவாரணம்தான், நஷ்டஈடு அல்ல என்று டில்லி எப்போதும் சொல்லிக்கொண்டே இருக்கும். அதிலும் ஒரு நியாயம் உண்டு. இல்லாவிட்டால் பத்து வருஷமாக ரிப்பேர் பார்க்காத பாலத்தையெல்லாம் வெள்ளத்தின் தலையில் கட்டி வசூல் செய்வார்கள். வங்கியில் எத்தனை பயிர்க்கடன் பார்த்திருக்கிறோம் :-)

*

இனி 2018. ஆகஸ்ட் 9-ஆம் தேதி இடுக்கி அணையின் செறுதோணி மதகைத் திறந்தார்கள். 26 வருஷத்துக்குப் பிறகு. மறுநாள் ஐந்து மதகையும் திறந்தபோது ஆறு செறுதோணி ஊருக்குள்ளேயே ஓடியது. மாநிலம் முழுக்க 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 25 லட்சத்துக்கும் அதிகமான வீடுகளுக்குக் கரண்ட் போனது.

பாலக்காட்டில் நான் பி.காம். படிக்கும்போது தெற்கே பார்த்தால் நெல்லியாம்பதி மலை மேகத்துக்குள் தெரியும். அந்த மலைக்கு நெம்மாறை, போத்துண்டி வழியாகப் போகிற ரோடு ஒன்றுதான். அந்த ஆகஸ்டில் அது பல இடங்களில் சரிந்து, மேலே தோட்டத்தில் இருந்த ஆயிரக்கணக்கானோர் தனியாக மாட்டிக்கொண்டார்கள். அரிசியையும் மருந்தையும் இளைஞர்கள் தலையிலும் முதுகிலும் சுமந்து, சரிந்த மண்ணில் ஏறிப் போனார்கள். ஹெலிகாப்டரும் போனது. டி.வி.யில் பார்த்தபோது எனக்கு மாமாவின் மூட்டைதான் ஞாபகம் வந்தது. ஹெலிகாப்டருக்கு பில் உண்டு. தலைச்சுமைக்கு பில் உண்டா?

சமவெளியில் ஜனங்களை வெள்ளத்திலிருந்து மீட்டது மீனவர்கள். லாரியில் படகை ஏற்றிக்கொண்டு தாங்களாகவே வந்தவர்கள். படகுக்கு ஒரு நாளைக்கு ரூ.3,000, டீசல் தனி, உடைந்த படகை அரசு பழுது பார்த்துத் தரும் என்று முதலமைச்சர் அறிவித்தார். உயிரைக் காப்பாற்றக் கூலி வேண்டாம் என்று சொன்ன மீனவ இளைஞர் உண்டு. இந்த இரண்டுமே என்னை நெகிழ வைத்தன. அந்த இளைஞர் சொன்னது பெரிய மனசு. ஆனாலும் பணத்தை அறிவித்ததும் சரி என்றே நினைக்கிறேன். பெரிய மனசை நம்பி ஒரு அரசாங்கம் பட்ஜெட் போடக் கூடாது.

மொத்தச் சேதத்தைச் சரிசெய்யச் சுமார் 31,000 கோடி வேண்டும் என்று ஐ.நா. அமைப்புகளும் மாநிலமும் சேர்ந்து கணக்கிட்டன. தேசிய நிதியிலிருந்து டிசம்பரில் கூடுதலாக ஒப்புதலானது 3,048.39 கோடி. பத்தில் ஒரு பங்கு.

அடுத்து நடந்ததுதான் எனக்குப் புதுசு. பணம் வருவது போய், பில் வர ஆரம்பித்தது.

வெள்ளத்தின்போது மத்திய அரசு 89,540 டன் அரிசி ஒதுக்கியது. அதற்கு விலையாக இந்திய உணவுக் கழகம் 205.81 கோடி கேட்டது. தள்ளுபடி கேட்டு மாநிலம் எழுதிய கடிதங்கள் பலிக்கவில்லை. கட்டாவிட்டால் வேறு நிதியில் கழித்துக்கொள்வோம் என்று வந்ததும், 2022-ல் கட்டுவதென்று கேரளா முடிவு செய்தது. வகுத்துப் பார்த்தேன், கிலோ சுமார் 23 ரூபாய் வருகிறது.

2024 இறுதியில் இன்னொரு பில். அந்த ஜூலை 30-ஆம் தேதி வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை ஊர்களை நிலச்சரிவு விழுங்கியிருந்தது. மதராஸ் எஞ்சினியர் படைப்பிரிவு ராப்பகலாக நின்று, மீட்பு நடக்க ஒரு பெய்லி பாலம் போட்டுக் கொடுத்தது. அந்தப் பாலத்தைப் பார்த்துக் கை தட்டியவர்களில் நானும் ஒருவன். சில மாசத்தில் விமானப்படை வயநாட்டுக்கும் அதற்கு முந்தைய வருஷங்களின் மீட்புப் பறப்புகளுக்கும் சேர்த்து 132 கோடிக்கு மேல் கேட்டது. பழைய பாக்கியையெல்லாம் இப்போது தூக்கிக்கொண்டு வருவானேன் என்று கேரள உயர் நீதிமன்றமே கேட்டது.

நியாயமாகப் பேசினால் இது புதுப் பழக்கம் இல்லை. நான் மேலே சொன்ன அதே பட்டியலில், விமானப்படை பில்லை நிவாரண நிதியிலிருந்து கொடுக்கலாம் என்று ஒரு வரி இருக்கிறது. அதாவது ஒரு சட்டைப் பையிலிருந்து எடுத்து இன்னொரு சட்டைப் பையில் போடுவது. கணக்குப்படி சரிதான். ஆனால் எல்லாம் இழந்து முகாமில் உட்கார்ந்திருக்கிறவன் காதில், உன்னைத் தூக்கி வந்த ஹெலிகாப்டருக்குக் காசு கேட்கிறார்கள் என்று விழுந்தால் எப்படி இருக்கும்?

2025 பிப்ரவரியில் வயநாட்டுக்காக 529.50 கோடி ஒப்புதலானது. அது மானியம் இல்லை, வட்டியில்லாமல் 50 வருஷத்தில் திருப்பிக் கட்ட வேண்டிய கடன். கடன் கொடுப்பது என் தொழில், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கடனைக் கடன் என்றும் உதவியை உதவி என்றும் சொல்ல வேண்டும்.

*

"அமெரிக்காவுல இதெல்லாம் சுளுவா நடக்கும்ல?" என்று மாமா ஒருமுறை கேட்டார். நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

2012 அக்டோபர் 29-ஆம் தேதி சாண்டி புயல் நியூ ஜெர்சியில் கரையேறியது. எங்கள் ஊரில் எட்டு நாள் கரண்ட் இல்லை. நான் வேலை பார்த்த கிளை ஜெனரேட்டரில் ஓடியது. ஊர் நிர்வாகத்தில் கணக்கு பார்த்த ஒரு வாடிக்கையாளர் அம்மா அடுத்த பல மாசம் வரும்போதெல்லாம் புலம்புவார். மரம் வெட்ட எந்த டிரக் போனது, யார் ஓட்டினார், எத்தனை மணி நேரம், அது வழக்கமான நேரமா ஓவர்டைமா, எல்லாவற்றுக்கும் தாள் வேண்டும். அவசர காலப் பணிக்கு நிரந்தர ஊழியரின் ஓவர்டைம் மட்டும்தான் திரும்பக் கிடைக்கும், வழக்கமான சம்பளம் கிடைக்காது. செலவில் 75 சதவீதத்துக்குக் குறையாமல் ஃபெடரல் அரசு தர வேண்டும் என்பது 1988-லிருந்து சட்டம். சாண்டிக்கு அதை 90 ஆக்கினார்கள்.

லாபத்துக்கு நடக்கிற தனியாருக்கு அந்தத் திட்டத்தில் நேரடியாகப் பைசா கிடையாது. எங்கள் ஜெனரேட்டர் டீசலுக்கு யாரும் தரவில்லை, தரவும் வேண்டாம். மாமா இங்கே கடை வைத்திருந்தாலும் நேரே போய்க் கேட்க முடியாது. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. ஊர் நிர்வாகம் மாமாவோடு ஒப்பந்தம் போட்டு, அவர் பில்லைத் தன் செலவாகக் காட்டி வாங்கலாம். விவரமான ஊர்கள் அந்தக் காகிதத்தைப் புயலுக்கு முன்னாலேயே போட்டு வைத்துக்கொள்கின்றன. வெள்ளம் வந்தால் எந்தக் கடை திறந்திருக்கும், எந்த ஜீப் ஓடும், கூலி எவ்வளவு, எந்த நோட்டில் எழுதினால் செல்லும் என்று. மாமாவுக்கு இல்லாமல் போனது அந்த ஒரு காகிதம்தான்.

*

இதுவரை எழுதியதெல்லாம் ஓடியவற்றின் கணக்கு. ஓடாமல் போனதற்கு என்ன கணக்கு?

மூணாற்றிலிருந்து மறையூர், உடுமலைப்பேட்டை போகிற ரோட்டில் பெரியவரை என்று ஒரு இடம். அங்கே இருந்த பழைய பாலம் 2018 வெள்ளத்தில் போனது. குழாய்களைப் போட்டு மண் கொட்டித் தற்காலிகப் பாலம் செய்தார்கள். 'உடனடி' வேலை. அது மழைக்கு மழை அடித்துக்கொண்டு போகும், திரும்பப் போடுவார்கள். பக்கத்தில் புதுப் பாலம் கட்டும் வேலையும் நடந்துகொண்டிருந்தது.

2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ராத்திரி, ராஜமலைக்கு அந்தப் பக்கம் பெட்டிமுடியில் மலை இடிந்து லைன் வீடுகளின் மேல் விழுந்தது. 70 பேர். நாலு பேரின் உடல் கிடைக்கவே இல்லை. முக்கால்வாசிப் பேர் நம் ஜனம், கயத்தாறு பக்கத்து வேர். அந்த மழையில் அங்கே நாட்கணக்கில் கரண்ட் இல்லை. கரண்ட் இல்லாததால் கைப்பேசிக் கோபுரமும் வேலை செய்யவில்லை. ராத்திரி பதினொரு மணி வாக்கில் நடந்தது வெளியே தெரிந்தது மறுநாள் காலையில்தான். தெரிந்த பிறகும் வண்டிகள் வேகமாகப் போக முடியவில்லை, பெரியவரையில் தற்காலிகப் பாலம் மறுபடியும் போயிருந்தது.

இறந்தவர் குடும்பத்துக்கு மாநிலம் 5 லட்சமும் பிரதமர் நிதியிலிருந்து 2 லட்சமும் அறிவித்தார்கள். அந்தக் கோபுரம் ஓடியிருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்ல முடியாது, யாராலும் முடியாது. ஆனால் அந்த ஒரு ராத்திரி ஒரு ஜெனரேட்டருக்கு எவ்வளவு டீசல் ஆகும் என்று எனக்குத் தெரியும். சாண்டியில் எட்டு நாள் நான்தான் வவுச்சர் போட்டேன்.

ஓடாத ஜெனரேட்டருக்கு யாரும் பில் அனுப்ப மாட்டார்கள். அதனால் அது எந்தப் பட்டியலிலும் வராது, எந்த ஆடிட்டரும் கேட்க மாட்டார். நூறு வருஷத்துக்கு முன்னே கம்பெனி லெட்ஜரில் ஜனங்களின் நஷ்டத்துக்குப் பக்கம் இல்லாமல் போனதற்கும் இதற்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஒரே ஆறுதல், 2021-லிருந்து மாநில நிதியில் ஐந்தில் ஒரு பங்கைப் பேரிடர் வருமுன் காக்கும் வேலைக்கென்று தனியாகப் பிரித்திருக்கிறார்கள். பதினைந்தாவது நிதிக் கமிஷன் சொன்னது. அந்தப் பங்கு எஸ்டேட் லைன் வீடு வரைக்கும் போகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

*

மாமா கதைக்கு வருகிறேன். வார்டு மெம்பர் ஒவ்வொரு பேராகச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டு, நோட்டை ஜெராக்ஸ் எடுத்து, நாலு தடவை மலையிறங்கி அலைந்து, பதினாலு மாசம் கழித்து அரிசிக் கணக்கை ஒத்துக்கொண்டார்கள். மூட்டை தூக்கிய கூலி வரவே இல்லை. பதினாலாயிரத்துச் சொச்சம். நான் அனுப்புகிறேன் என்றேன், வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

போன வருஷம் ஊருக்குப் போயிருந்தபோது திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். "அந்த ஒம்பது நாளு கடையப் பூட்டிட்டு வீட்ல படுத்திருந்தா எனக்கு ஒரு கணக்கும் வந்திருக்காது மாப்ள. இருப்பு சரியா இருந்திருக்கும். ஒரு பய ஒரு கேள்வி கேட்டிருக்க மாட்டான்" என்றார்.

"அப்போ அடுத்த தடவ பூட்டிருவீங்களா மாமா?"

"போடா, போக்கத்தவனே."

உள்ளே போய் ஒரு பையை எடுத்து வந்து காட்டினார். நான் வாங்கித் தந்த இன்வெர்ட்டரின் கேரண்டி கார்டு, பழைய நாற்பது பக்க நோட்டு, அதோடு கெட்டி அட்டை போட்ட புது லெட்ஜர் ஒன்று. பக்கத்துக்குப் பக்கம் நம்பர் போட்டு, பேர், கார்டு நம்பர், கிலோ, கையெழுத்து என்று கோடு கிழித்து வைத்திருந்தார். கடைசிக் கட்டத்தில் 'தூக்கு கூலி' என்று ஒரு தலைப்பு. முதல் பக்கத்தில் மட்டும் வார்டு மெம்பரிடம் முன்கூட்டியே ஒரு கையெழுத்தும் சீலும் வாங்கியிருந்தார்.

இங்கே நம் சங்கத்தில் 2018-லும் 2020-லும் 2024-லும் நிதி திரட்டினோம். மூன்று தடவையும் செய்தி வந்த பிறகு. அடுத்த மழைக்கு முன்னால் ஒரு தடவை திரட்டலாமே என்று கேட்கத்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன். உங்கள் சொந்த ஊரில் வெள்ளம் வந்தால் கடையைத் திறந்து வைக்கப்போகிற மாமா யார் என்று உங்களுக்கே தெரியும். அவருக்கு ஒரு போன் போட்டு, என்ன வேண்டும் என்று கேளுங்கள். ஜூன் மாசத்துக்கு முன்னால் கேளுங்கள்.

பி.கு.: மாமாவின் அசல் கேள்விக்கு, அது நஷ்டமா தர்மமா என்பதற்கு, நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அந்தப் பதினாலாயிரம் இன்னும் சஸ்பென்ஸில்தான் இருக்கிறது.